வெங்காயத்துக்குப் பணம் ஒதுக்காத சமையல் பயிற்சி

பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்கான சமையல் பயிற்சித் திட்டம் ஒன்றின் வரவுசெலவுத் தாள் கைக்கு வந்தால், முதலில் தேட வேண்டியது மூலப்பொருள் செலவை. வாடகை, சம்பளம், விளம்பரம், சான்றிதழ்க் கட்டணம் எல்லாம் தனித்தனி வரியில் இருக்கும். காய்கறி, முட்டை, மாவு, எண்ணெய், இறைச்சிக்கு என்ன ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பார்த்தால் பல நேரம் அது ‘இதர செலவுகள்’ என்பதற்குள் கிடக்கும். அந்தத் தொகை சின்னதாக இருந்தால் வகுப்பறை எப்படி இருக்கும் என்பதை நேரில் போகாமலே சொல்லிவிடலாம். பயிற்சியாளர் ஒருவர் அடுப்பின் முன் நின்று சமைப்பார். இருபது பேர் சுற்றி நின்று பார்ப்பார்கள். கடைசியில் ஆளுக்கு ஒரு கரண்டி ருசி பார்ப்பார்கள்.

உட்கார்ந்து கேட்பதும் நின்று பார்ப்பதும் போதாமல்தான் அந்தப் பிள்ளைகள் பள்ளியை விட்டு வந்தார்கள். அவர்களுக்கு அதையே இன்னொரு கட்டடத்தில் கொடுப்பதற்குப் பொதுப்பணம் தேவையில்லை.

கை பழக எவ்வளவு பொருள் வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டுவிடலாம். 12 வாரம், வாரத்துக்கு 5 நாள், நாளுக்கு 6 மணி நேரம் என்றால் மொத்தம் 360 மணி நேரம். அதில் மூன்றில் இரண்டு பங்காவது அடுப்படியில் கழிய வேண்டும். ஒரு குழுவில் 16 பேர். ஆளுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக ஒன்றரைக் கிலோ மூலப்பொருள். 60 நாளுக்கு 1,440 கிலோ வரும். முதல் வாரத்தில் இதில் பெரும்பகுதி வெங்காயம், கேரட், உருளைக்கிழங்கு போன்ற மலிவான பொருட்கள்தான். இறைச்சியும் மீனும் ஐந்தாம் வாரத்துக்கு முன் பெரிதாகத் தேவைப்படாது. அதனால் செலவும் படிப்படியாகத்தான் ஏறும். பணம் தருபவர் மூன்று மாதத்துக்கும் ஒரே அளவாகத் தவணை பிரித்தால், கடைசி மாதத்தில் மீன் வாங்கக் காசு இருக்காது.

முதல் வாரத்தில் ஆளுக்கு 5 கிலோ வெங்காயம் என்பது மிகையில்லை. 20 செ.மீ. கத்தி ஒன்று, 9 செ.மீ. சிறு கத்தி ஒன்று, தீட்டுக்கோல் ஒன்று, நான்கு பேருக்குப் பொதுவாக ஒரு சாணைக்கல். விரல் நுனிகளை உள்ளே மடக்கி, முட்டி கத்தியின் பக்கத்தைத் தொடும்படி பிடிப்பதை முதல் நாளே திருத்த வேண்டும். மூன்று வாரம் தப்பாகப் பிடித்தவர் கையைத் திருத்துவது பெரும்பாடு. 6 மி.மீ. சதுரத் துண்டு, பிறகு 3 மி.மீ. துண்டு. அளவுகோலை வைத்தே பார்க்கலாம். அழகுக்காக இல்லை: துண்டுகள் ஒரே அளவில் இல்லாவிட்டால் சிறியது கருகும்போது பெரியது வேகாமல் இருக்கும். பலரும் தலைகீழாக நினைத்திருக்கும் விஷயம் இன்னொன்று, கூரில்லாத கத்திதான் கையை வெட்டும். அது பொருளில் இறங்காமல் வழுக்கும், வழுக்குவதைச் சமாளிக்க அழுத்துவார்கள், அடுத்து விரல்தான். ஆகவே சாணைக்கல்லையும் கத்தியையும் ‘சில்லறைச் சாமான்’ என்று வெட்டும் கணக்கர், முதலுதவிப் பெட்டிக்குத்தான் அந்தப் பணத்தைக் கொடுக்கப் போகிறார்.

ஒரு பயிற்சியாளருக்கு 12 பேர் நல்லது, 16 பேர் எல்லை. 25 என்றால் அவர் காவலர்தான். இரண்டு பேருக்கு ஒரு பர்னர் வேண்டும். கை கழுவத் தனித் தொட்டி வேண்டும். பாத்திரம் கழுவும் தொட்டியில் கை கழுவப் பழகியவர் வேலைக்குப் போன இடத்திலும் அதையே செய்வார். பச்சை இறைச்சி, மீன், காய்கறி, சமைத்த உணவு ஆகியவற்றுக்கு வேறு வேறு நிற வெட்டுப்பலகை. புகைபோக்கிக் கூண்டும் எண்ணெய்த் தீக்கென்றே உள்ள ஈர ரசாயனத் தீயணைப்பானும் பயிற்சி தொடங்கும் முன் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். எரியும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். செய்து காட்டக் கூடாது.

சுகாதாரப் பாடத்தைத் தாளில் நடத்தி முடிப்பது வழக்கமான குறை. உலக சுகாதார அமைப்பு சொல்லும் எல்லை எளிமையானது: 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் கிருமி வேகமாகப் பெருகும். இதை ஒப்பிக்க எல்லோராலும் முடியும். ஆனால் 20 லிட்டர் சூப்பை இறக்கி, அந்த அண்டாவோடு அப்படியே ஃப்ரிட்ஜில் வைத்தால் நடுப்பகுதி பல மணி நேரம் அந்த ஆபத்து எல்லைக்குள்ளேயே இருக்கும் என்பதைத் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தால்தான் நம்புவார்கள். அமெரிக்க உணவு விதிப்படி 57 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு 2 மணி நேரத்துக்குள்ளும், அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த 4 மணி நேரத்துக்குள்ளும் குளிர்விக்க வேண்டும். இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒன்றை அண்டாவிலும் மற்றொன்றைச் சுமார் 5 செ.மீ. ஆழத் தட்டுகளில் ஊற்றியும் வைத்து, அரை மணிக்கு ஒரு தரம் எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு மதிய நேரம் பத்துப் பக்கக் கையேட்டை விட அதிகம் பதியும். தெர்மாமீட்டரையே ஐஸ் தண்ணீரில் விட்டு 0 காட்டுகிறதா என்று சோதிக்கும் பழக்கமும் அப்போதே வரட்டும்.

கணக்குக்கு வருவோம். படிப்பை விட்டவர்களில் பலருக்குப் பின்னமும் விகிதமும் பயம். அதற்குத் தனிக் கணக்கு வகுப்பு வைத்தால் அன்றைக்கு வருகை குறையும். 10 பேருக்கான செய்முறையை 150 பேருக்கு மாற்றச் சொன்னால் அதே கணக்கை அடுப்பங்கரையில் போடுவார்கள். பெருக்க வேண்டிய எண் 15. 10 கிலோ உரித்த வெங்காயம் வேண்டும், உரித்தால் பத்தில் ஒரு பங்கு தோலாகப் போகும், அப்படியானால் எவ்வளவு வாங்க வேண்டும்? 11 கிலோ என்று சட்டென்று பதில் வரும், 10ஐ 0.9ஆல் வகுத்தால் 11.1 கிலோ என்பதைத் தராசு காட்டிக் கொடுக்கும். பிறகு பெருக்கல் எங்கே ஏமாற்றும் என்பதையும் காட்ட வேண்டும். தண்ணீரை 15 மடங்கு ஊற்றினால் பண்டம் நீர்த்துப் போகும், ஏனெனில் பெரிய பாத்திரத்தில் கொள்ளளவைப் பார்க்க மேற்பரப்பு குறைவு, அதே விகிதத்தில் ஆவி போகாது. உப்பும் காரமும் பெருக்கி வந்த அளவில் முக்கால் பங்கு போட்டு, ருசி பார்த்து ஏற்ற வேண்டும். இப்படிக் கற்றவருக்கு வகுத்தல் மறுபடி மறக்காது.

இவ்வளவு சமைத்தால் சமைத்ததை என்ன செய்வது? இங்கேதான் பொதுப்பணத்துக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. பள்ளி மதிய உணவு, முதியோர் இல்லம், வீடற்றோர் விடுதி என்று அரசு எப்படியும் உணவுக்குப் பணம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. அந்த ஒப்பந்தத்தில் ஒரு பகுதியைப் பயிற்சிக் கூடத்துக்குக் கொடுத்தால், அதே காய்கறி பயிற்சிக்கும் ஆகும், பசிக்கும் ஆகும். வாஷிங்டனில் 1989இல் ராபர்ட் எக்கர் தொடங்கிய டி.சி. சென்ட்ரல் கிச்சன் வீணாகும் உணவைச் சேகரித்துச் சமைத்து வழங்கும் வேலையோடு சமையல் வேலைப் பயிற்சியையும் இணைத்தது. பின்னால் பள்ளிகளுக்கு உணவு வழங்கும் ஒப்பந்தங்களும் எடுத்தது.

ஆனால் இந்த வழியில் ஒரு குழி உண்டு. தினமும் 300 சாப்பாடு போய்ச் சேர வேண்டும் என்ற நெருக்கடி வந்ததும், வேகமாக உருளைக்கிழங்கு உரிப்பவர் 12 வாரமும் உருளைக்கிழங்கு உரிப்பார். அவரை நகர்த்தினால் அன்றைய வண்டி தாமதமாகும் என்று மேலாளர் தயங்குவார். இதற்கு மருந்து, யார் எந்த இடத்தில் எத்தனை நாள் நின்றார் என்று சுவரில் ஒரு பலகை. வெட்டு, குளிர் உணவு, சூப்பும் சாஸும், வறுவல், அடுமனை, பரிமாறும் வரிசை, கழுவுதல்: எந்த இடத்திலும் தொடர்ந்து 10 வேலை நாளுக்கு மேல் ஒருவர் நிற்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். கழுவும் இடத்திலும் எல்லோரும் நிற்க வேண்டும், யாரையும் அங்கேயே விட்டுவிடக் கூடாது.

அடுத்து உதவித்தொகை. பள்ளியை விட்டவர்களில் பலர் வீட்டுக்குச் சம்பாதித்துக் கொடுப்பவர்கள். மூன்று மாதம் வருமானமில்லாமல் பயிற்சிக்கு வா என்பது, வராதே என்பதற்குச் சமம். உதவித்தொகை இருக்கிறது, ஆனால் பயிற்சி முடிந்து சான்றிதழோடு மொத்தமாகக் கொடுப்போம் என்கிற திட்டங்களில் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் கூட்டம் கரையும். ஆர்வம் போய்விட்டது என்று அறிக்கையில் எழுதுவார்கள். பஸ் காசு தீர்ந்திருக்கும், அவ்வளவுதான். நாள் வருகைக்குக் கணக்கிட்டு, வாரக் கடைசியில் கையில் கொடுங்கள். வழுக்காத மூடிய காலணி, இரண்டு ஜோடி சீருடை, கத்தி உறை ஆகியவை முதல் நாளே கிடைக்க வேண்டும். கைக்குழந்தை உள்ளவர்களுக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு இல்லையென்றால், அவர்களைச் சேர்த்ததாகக் கணக்குக் காட்டுவதே தவறு.

திட்டத்தை நடத்தும் சிறு அமைப்புகளுக்கும் இதே நோய் வேறு வடிவில் வரும். செலவழித்து ரசீது கொடுங்கள், பிறகு திருப்பித் தருகிறோம் என்ற முறையில் மானியம் வந்தால், மூன்று மாதச் சம்பளத்தையும் காய்கறிக் கடனையும் அவர்களே சுமக்க வேண்டும். பணம் தாமதமாகும்போது முதலில் நிற்பது வாடகை இல்லை, சம்பளமும் இல்லை, மூலப்பொருள்தான். மறுபடியும் பயிற்சியாளர் சமைக்க, மற்றவர்கள் பார்க்கும் வகுப்புக்குத் திரும்பிவிடுவோம். நான்கில் ஒரு பங்கையாவது முன்பணமாகக் கொடுக்காத திட்டத்தில் பெரிய நிறுவனங்கள் மட்டும்தான் தாக்குப்பிடிக்கும்.

எதற்குப் பணம் கொடுக்கிறோமோ அதுதான் பெருகும் என்பது இந்தத் துறையில் பலமுறை கண்ட உண்மை. சேர்க்கைக்குப் பணம் என்றால் சேர்க்கைப் பதிவேடு தடிக்கும். வேலை கிடைத்தால்தான் பணம் என்றால், தானாகவே வேலை தேடிக்கொள்ளக் கூடியவர்களை மட்டும் பொறுக்கி எடுப்பார்கள். அமெரிக்காவில் 1982இல் வந்த வேலைப் பயிற்சிக் கூட்டுச் சட்டத்தின் செயல்திறன் அளவுகோல்கள் இந்தப் ‘பாலாடை எடுக்கும்’ குற்றச்சாட்டுக்கு ஆளாயின. அந்தச் சட்டத்தை ஆராய்ந்த தேசிய ஆய்வு, பள்ளிக்கு வெளியே இருந்த இளைஞர்களின் வருமானத்தில் குறிப்பிடத்தக்க உயர்வைக் காணவில்லை. 2014இல் வந்த தொழிலாளர் புத்தாக்க வாய்ப்புச் சட்டம் இளைஞர்களுக்கான நிதியில் குறைந்தது 75 சதவீதத்தைப் பள்ளிக்கு வெளியே உள்ள 16 முதல் 24 வயதினருக்கு என்று ஒதுக்கியது; பயிற்சி முடிந்த பிறகு இரண்டாவது காலாண்டிலும் நான்காவது காலாண்டிலும் வேலையிலோ படிப்பிலோ இருக்கிறார்களா என்று பார்க்கச் சொன்னது. கடினமான பின்னணி உள்ளவர்களைச் சேர்ப்பவர்களுக்கு இலக்கைச் சரிசெய்யும் முறையும் அதில் உண்டு. முதல் நாள் வேலையை எண்ணாமல், ஓராண்டுக்குப் பின்னும் வேலையை எண்ணுவது பெரிய மாற்றம்.

எனக்குச் சரியென்று படும் பிரிப்பு இது. பாதிப் பணம் மாதாமாதம், வருகைக்கும் அடுப்படி மணி நேரத்துக்கும். செய்முறைத் தேர்வில் தேறினால் 15 சதவீதம். வேலையில் சேர்ந்தால் 15. ஆறு மாதம் வேலையில் நிலைத்தால் 20. வாசிக்கச் சிரமப்படுபவர், காவலில் இருந்து வந்தவர், குழந்தையோடு வருபவர் ஆகியோருக்குத் தலைக்குக் கூடுதல் தொகை. முதல் பாதி உறுதியாக இல்லாவிட்டால் யாரும் கடினமானவர்களைச் சேர்க்கத் துணிய மாட்டார்கள். கடைசி 20 இல்லாவிட்டால் யாரும் பின்தொடர மாட்டார்கள்.

செலவு அதிகம் என்று வரும் எதிர்ப்புக்கு, தலைக்கணக்கை எந்தத் தலையில் வைக்கிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். ஒரு கற்பனைக் கணக்கு: மலிவான திட்டத்தில் 100 பேர் சேர்கிறார்கள், ஆளுக்கு 1 பங்கு செலவு. 60 பேர் முடிக்கிறார்கள், 45 பேருக்கு வேலை, ஆறு மாதத்தில் 30 பேர் மிச்சம். உதவித்தொகையும் மூலப்பொருளும் பின்தொடர்தலும் உள்ள திட்டத்தில் ஆளுக்கு 1.6 பங்கு செலவு. 80 பேர் முடித்து, 70 பேருக்கு வேலை கிடைத்து, 56 பேர் நிலைக்கிறார்கள். சேர்ந்தவரை வைத்துப் பார்த்தால் இரண்டாவது 60 சதவீதம் கூடுதல் செலவு. நிலைத்தவரை வைத்துப் பார்த்தால் முதலாவதில் ஆளுக்கு 3.3 பங்கு, இரண்டாவதில் 2.9 பங்கு. எண்கள் இடத்துக்கு இடம் மாறும். ஆனால் வகுக்கும் எண்ணை மறைத்துவிட்டு மலிவு என்று சொல்வதை ஒப்புக்கொள்ளக் கூடாது.

வயதையும் ஒரே மூட்டையாகக் கட்டக் கூடாது. 1964இல் தொடங்கிய ஜாப் கோர் அமெரிக்காவில் 16 முதல் 24 வயதினருக்கான தங்கிப் படிக்கும் திட்டம். சமையலும் அதில் ஒரு தொழில். 1990களில் விண்ணப்பித்தவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய பெரிய ஆய்வில், தொடக்க ஆண்டுகளில் தெரிந்த வருமான உயர்வு பிறகு மங்கியது. 20 முதல் 24 வயதில் சேர்ந்தவர்களிடம்தான் நிலைத்தது. 16, 17 வயதுப் பிள்ளைக்குச் சமையல் மட்டும் போதாது, விட்ட படிப்பை முடிக்கும் வழியும் சேர்ந்தே வேண்டும் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். நடைமுறைத் தடையும் உண்டு: அமெரிக்கா உட்படச் சில நாடுகளில் 18 வயது நிரம்பாதவர் மின்சார இறைச்சி ஸ்லைசரைத் தொடச் சட்டம் அனுமதிக்காது. 12 வாரத்தில் எல்லாம் கற்ற 17 வயதுக்காரரை, இந்த ஒரு காரணத்துக்காகவே ஷெஃப் எடுக்கத் தயங்குவார். வயதைப் பார்த்து வேலை இடத்தைத் தேடுவது சேர்க்கை நாளிலேயே தொடங்க வேண்டும்.

ஜெர்மனியில் சமையற்கலைஞர் பயிற்சி 3 ஆண்டு. வாரத்தில் சில நாள் உணவகத்தில், மற்ற நாள் தொழிற்பள்ளியில். பயிற்சிக் காலத்திலேயே உணவகம் ஊதியம் கொடுக்கும், பள்ளிச் செலவை அரசு ஏற்கும். சேர்வதற்குப் பள்ளிச் சான்றிதழ் கட்டாயம் என்று சட்டம் சொல்வதில்லை. இந்தியச் சுற்றுலா அமைச்சகம் 2009-10இல் தொடங்கிய ஹுனர் சே ரோஸ்கார் தக் திட்டத்தில் சமையல் பயிற்சி தொடக்கத்தில் 8 வாரமாக இருந்தது. எட்டாம் வகுப்புத் தேறியிருந்தால் போதும் என்றிருந்தது. 8 வாரத்தில் ஒருவர் உதவியாளராக உள்ளே நுழையலாம், சமையற்கலைஞர் ஆக முடியாது. குறுகிய பயிற்சி தவறில்லை. அதற்குப் பிறகு வேலையிடத்தில் கற்பதற்குப் பணமும் பொறுப்பும் யாரிடமும் இல்லை என்பதுதான் தவறு. பயிற்சிக்கால ஊதியத்தில் ஒரு பங்கை முதலாளிக்குத் திருப்பித் தரும் முறை இதற்கு உதவும். மேலே சொன்ன 2014 சட்டம் வழக்கமாகப் பாதி வரையும், சில நிலைமைகளில் 75 சதவீதம் வரையும் அனுமதிக்கிறது.

முதல் வேலையில் உடைவது பெரும்பாலும் திறமை இல்லை, வேகம். பயிற்சிக் கூடத்தில் 2 மணி நேரத்தில் 20 தட்டு போட்டவர், உணவகத்தில் அதே நேரத்தில் 120 தட்டைச் சந்திப்பார். அதனால் கடைசி 4 வாரம் கடிகாரத்தோடு ஓட வேண்டும்: ஒருவர் ஆர்டரை உரக்கப் படிக்க, மற்றவர்கள் திரும்பச் சொல்லி, முதல் வாரம் 30 தட்டு, பிறகு 50, பிறகு 80. பரிமாறும் நேரத்துக்கு முன் வெட்டியது, அளந்தது, மூடி வைத்தது என்று ஆளுக்கொரு பட்டியலைத் தாங்களே எழுத வேண்டும். எழுதச் சிரமப்படுபவர் படமாக வரையலாம். தேர்வையும் வாய்மொழியாக வைக்கலாம். செய்முறைத் தேர்வில் வெளியாள் மதிப்பிட வேண்டும். 2 மணி நேரம், முன்பே சொல்லாத பொருட்கள், நான்கு பேருக்கு உணவு, மேசையைச் சுத்தமாக விடுவதற்கும் மதிப்பெண்.

வேலைக்கு அனுப்பும் முன் அந்த உணவகத்தின் சமையலறைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். சம்பளம் எழுத்தில் இருக்கிறதா, ஷிஃப்ட் எத்தனை மணிக்கு முடிகிறது, அந்த நேரத்தில் வீட்டுக்குப் போக வண்டி உண்டா, வார விடுமுறை உண்டா? இரவு 12 மணிக்கு வேலை முடிந்து 11 மணிக்குக் கடைசி பஸ் என்றால் இரண்டு வாரத்தில் அந்த வேலை போய்விடும். சேர்ந்த 3ஆம் நாள், 10ஆம் நாள், 30ஆம் நாள் கூப்பிட்டுப் பேச ஒருவர் சம்பளத்தோடு இருக்க வேண்டும். அவர் முதலில் கூப்பிட வேண்டியது பயிற்சி பெற்றவரை, பிறகுதான் முதலாளியை. ஒரே இடத்தில் அடுத்தடுத்து மூன்று பேர் மூன்று மாதத்துக்குள் விலகினால், குறையை அந்த மூன்று பேரிடம் தேடாமல் அந்தச் சமையலறையைப் பட்டியலிலிருந்து எடுங்கள். அங்கே போவது மலிவுக் கூலிக்கான மானியம்.

சோதனைக்கு வரும் அதிகாரி சான்றிதழ்க் கோப்பைக் கேட்பார். அதோடு அவர் கேட்க வேண்டியவை இன்னும் சில: கடந்த வாரக் காய்கறி ரசீது, யார் எந்த இடத்தில் நின்றார் என்ற சுவர்ப் பலகை, ஃப்ரிட்ஜ் வெப்பநிலைக் குறிப்பேடு, கடைசியாகக் கத்தி தீட்டிய தேதி, உதவித்தொகை கைக்குப் போன நாள். குறிப்பேட்டில் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், முப்பது நாளும் ‘4 டிகிரி’ என்று இருந்தால் தெர்மாமீட்டரைக் கையில் வாங்கி அவரே ஃப்ரிட்ஜைத் திறந்து பார்க்கட்டும். பிறகு அங்கே இருப்பவர்களில் யாராவது ஒருவரிடம் ஒரு வெங்காயத்தைக் கொடுத்து நறுக்கச் சொல்லட்டும்.